மூன்று முறை கேட்கவும்

எங்கள் சமையலறையின் கடைசி இழுப்பறை, எதற்கும் ஆகாத சாமான்களுக்கானது. ரப்பர் பேண்டுகள், தேதி முடிந்த கூப்பன்கள், எந்தப் பூட்டுக்கும் சேராத இரண்டு சாவிகள், பிறந்தநாள் மெழுகுவர்த்தியின் மிச்சம். எல்லாவற்றுக்கும் அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஓர் அட்டை கிடக்கிறது. நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஒவ்வொரு சாப்பாட்டு ட்ரேயோடும் ஓர் அட்டை போகும். யாருடைய ட்ரே, எந்த அறை, உப்பு உண்டா இல்லையா, எது பிடிக்கும், எது ஒத்துக்கொள்ளாது என்று அதில் அச்சாகியிருக்கும். ஆள் போனபின் அட்டையை மெஷினில் விட்டுத் துண்டு துண்டாக்கிவிட வேண்டும் என்பது அங்கே விதி. இந்த ஒன்றை மட்டும் நான் விடவில்லை. பெயர் இருந்த மேல்பகுதியைக் கத்தரித்து மெஷினுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அதன் அடியில் நீல மையில், என் கையெழுத்தில், ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கிறது: மூன்று முறை கேட்கவும். ரப்பர் பேண்டு தேடி இழுப்பறையைத் திறக்கும் நாட்களில் எல்லாம் அது விரலில் தட்டுப்படுகிறது. நான் சட்டென்று கையை எடுத்துக்கொள்கிறேன்.

நான் டயட்டீஷியன். கோயமுத்தூரில் மனையியல் படித்துவிட்டு, கல்யாணமாகி நியூ ஜெர்சி வந்து, மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில் நாலு வருஷம், வேலைக்குப் போக அனுமதியில்லாத டிபெண்டன்ட் விசாவில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, பிறகு இந்த ஊர்ப் பரீட்சைகளை எல்லாம் எழுதி இந்த வேலைக்கு வந்தேன். இல்லத்தில் இருப்பவர்களின் எடை குறைகிறதா கூடுகிறதா என்று பார்ப்பதுதான் என் முக்கியமான வேலை. ஒவ்வொரு வேளையும் யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று நர்சிங் உதவியாளர்கள் ஒரு தாளில் குறித்து வைப்பார்கள். சாப்பிடவில்லை என்றால் 'ஆர்' என்ற ஓர் எழுத்து. ரெஃப்யூஸ்ட், மறுத்துவிட்டார் என்று பொருள். பன்னிரண்டாம் அறையின் தாளை முதன்முதலில் கையில் எடுத்தபோது மேலிருந்து கீழ்வரை ஆர், ஆர், ஆர் என்று வரிசையாக இருந்தது. அந்த அறைக்காரர் வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் அவருடைய மோதிரம் விரலில் நிற்காமல், நூல் சுற்றிப் போட்டிருந்தார்.

அவரை நான் ஐரிஷ் ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டேன். ரத்த சம்பந்தமில்லாத பெரியவர்களை ஆன்ட்டி என்று கூப்பிடுவது நம் ஆட்களின் வழக்கம் என்று சொன்னதும் அவருக்கு ஒரே சிரிப்பு. இத்தனை வயதுக்குமேல் எனக்கு ஒரு புது உறவா என்றார். அயர்லாந்தின் மேற்கு ஓரத்தில், கடல் காற்று அடித்துக்கொண்டே இருக்கும் ஒரு சின்ன விவசாயி வீட்டில் பத்துப் பிள்ளைகளில் ஏழாவதாகப் பிறந்தவர். பத்தொன்பது வயதில் கப்பலேறி வந்து, பள்ளிக்கூடச் சமையலறைகளில் ஆயுசு முழுக்கப் பிறத்தியார் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டவர். சொந்தப் பிள்ளை கிடையாது. பஸ் ஓட்டிய கணவர் எப்போதோ இறந்துவிட்டார். அவருடைய ஆங்கிலம் வேறு மாதிரி ஏறி இறங்கும். ஆனால் அதை நான் என் தமிழில்தான் நினைவில் வைத்திருக்கிறேன். அவர் என்னைக் கூப்பிட்ட செல்லச் சொல்லுக்கு எங்கள் கோபி ஊர்ப் பக்கத்தில் 'கண்ணு' என்பதைத் தவிர வேறு சொல் கிடையாது.

ஏன் சாப்பிடுவதில்லை என்று பார்க்க, ஒரு நாள் மதியம் ட்ரே வரும் நேரத்துக்குப் போய் நின்றேன். உதவியாளர் நல்ல பெண். வேகமான பெண்ணும்கூட, பதினெட்டு ட்ரே கொடுத்தாக வேண்டும் அவளுக்கு. "லஞ்ச் வேணுமா?" என்று கேட்டாள். ஆன்ட்டி புன்னகையோடு, "ஐயோ வேண்டாம், ஐயாம் கிராண்ட்" என்றார். நம் ஊரில் கிராண்ட் என்றால் மண்டபம் முழுக்க சீரியல் விளக்கு போட்ட கல்யாணம். ஆன்ட்டிக்கு கிராண்ட் என்றால், எனக்கு ஒரு குறையும் இல்லை, என்னைப் பற்றிக் கவலைப்படாதே என்று அர்த்தம். அந்தப் பெண் சரி என்று தலையாட்டி, ட்ரேயைத் திரும்ப வண்டியில் செருகி, தாளில் ஆர் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். எல்லாம் பத்து நொடி. ஆனால் அந்தப் பத்து நொடியில் ஆன்ட்டியின் கண்கள் ட்ரேயோடு கூடவே கதவு வரைக்கும் போயின. கதவு மூடிய பிறகும் அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். சின்ன வயதில் நானே அப்படிப் பார்த்திருக்கிறேன். எந்த உறவுக்காரர் வீட்டுக்குப் போனாலும், வாசற்படி ஏறும் முன்பே அம்மா என் கையைப் பிடித்து நிறுத்துவாள். "யாரு என்ன குடுத்தாலும் வேண்டாமுங்கன்னு சொல்லோணும். கேட்ட ஒடனே கைய நீட்டுனீன்னா ஊட்டுக்கு வந்து பாத்துக்கறேன்." பெரியம்மா எள்ளுருண்டைத் தட்டை நீட்டுவாள். வேண்டாமுங்க என்பேன். அட எடுத்துக்கோ சாமி என்பாள். இப்பத்தானுங்க சாப்புட்டு வந்தோம் என்பேன், காலையிலிருந்து வயிறு காய்ந்திருக்கும். மூன்றாவது தடவை அவள் கையைப் பிடித்துத் திணிக்கும்போது அம்மாவைப் பார்ப்பேன். அம்மா கண்ணை மூடித் திறப்பாள். அதன்பிறகுதான் எள்ளுருண்டை. ஒரே ஒரு தடவை, கோவையில் ஒரு பெரிய வீட்டில், நாகரிகமான ஒரு மாமி நான் வேண்டாம் என்றதும் "ஓ, சரி" என்று தட்டை உள்ளே கொண்டுபோய்விட்டார். தட்டு போன வழியையே நான் பார்த்துக்கொண்டிருந்தது இன்றும் மறக்கவில்லை.

நான் வெளியே போய் வண்டியிலிருந்து ட்ரேயை எடுத்துக்கொண்டு திரும்ப வந்தேன். "சாப்பிடறீங்களா ஆன்ட்டி?" என்றேன். "வேண்டாம் கண்ணு, எதுக்கு உனக்குச் சிரமம்?" என்றார். ட்ரேயை மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தேன். "ஒரு வாய் சாப்பிடுங்க, ஆறிப் போகுது." அவர் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். முன்பின் தெரியாத ஊரில் தன் பாஷையைக் கேட்டவர் முகம் அப்படித்தான் ஆகும். "சரி, நீ இவ்வளவு சொல்றே. ஒரே ஒரு வாய்" என்று ஸ்பூனை எடுத்தவர், அந்த வழவழத்த கோழிக் குழம்பில் ஒரு சொட்டு பாக்கி வைக்கவில்லை. மூன்று வாரமாக அந்த அம்மாள் பசியோடு எல்லோருக்கும் மரியாதை செய்துகொண்டிருந்திருக்கிறார். அது தாளில் மறுப்பு என்று ஏறிக்கொண்டிருந்திருக்கிறது.

அதன்பிறகு மதிய நேரங்களில் பன்னிரண்டாம் அறைக்குப் போவதை வழக்கமாக்கிக்கொண்டேன். சாப்பாட்டைப் பற்றிப் பேசினால் ஆன்ட்டிக்குச் சாப்பாடு இறங்கும். அவர்கள் வீட்டில் டின்னர் என்றால் மதியச் சாப்பாடு. சமையலறையில் ஒரு நெருப்பு, அது எந்நாளும் அணையாது. இரும்புப் பானையில் உருளைக்கிழங்கைத் தோலோடு வேகவைத்து, வாசலுக்குத் தூக்கிப்போய்த் தண்ணீரை வடித்து, ஒரு பிரம்புக் கூடையில் கொட்டி நடுவில் வைப்பார்கள். சுற்றி எல்லோரும். ஆளுக்கொரு குவளை மோர், பொதுவாக ஒரு கிண்ணம் உப்பு. கிழங்கு வெந்து தோல் வெடித்து உள்ளே மாவு தெரிந்தால் கிழங்கு சிரிக்கிறது என்பார்களாம். இங்கே எங்கள் சமையலறையில் பொடியில் வெந்நீர் ஊற்றிக் கிண்டித்தான் மசியல் செய்வார்கள். அதை ஆன்ட்டி ஸ்பூனால் ஒதுக்கிவைத்து, "இது அழக்கூட இல்லையே" என்றார். நான் சமையல்காரரிடம் கெஞ்சிக் கெஞ்சி ஆன்ட்டிக்கு மட்டும் தோலோடு இரண்டு கிழங்கு அவிக்க ஏற்பாடு செய்தேன். முதல் நாள் கொண்டுபோனபோது, கொதிக்கக் கொதிக்க ஒன்றை எடுத்து, கை மாற்றி மாற்றி, கட்டைவிரல் நகத்தால் தோலை ஒரே சுற்றில் உரித்தார். ஸ்பூன் பிடிக்க நடுங்கும் கை அதற்கு நடுங்கவில்லை.

வெள்ளிக்கிழமை கறி கிடையாது. கிடைத்தால் ஓர் உப்பு மீன், பத்துப் பிள்ளைக்கும் ஒன்று. கிழங்கை அந்த மீனுக்கு நேராக ஒரு தரம் காட்டிவிட்டு வாயில் போட்டுக்கொள்வோம் என்று சொல்லிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நாங்களும் கருவாடு வறுக்கும் வாசத்திலேயே பாதிச் சோறு தின்றவர்கள்தான் என்றேன். கருவாட்டை விளக்கப் பத்து நிமிடம் ஆனது. வட்ட ரொட்டியின்மேல் கத்தியால் சிலுவை கீறாமல் அவர் அம்மா அதை நெருப்பில் வைக்க மாட்டாராம். கீழே விழுந்த துணுக்கைப் பொறுக்கக் கூடாதாம், அது அவர்களுக்கு. யாருக்கு என்று கேட்டேன். "அவங்களுக்கு" என்று மறுபடி சொல்லி, கண்ணுக்குத் தெரியாத யாரோ வெளியே நிற்பதுபோல ஜன்னல் பக்கம் கண்ணைக் காட்டினார். ஜன்னலுக்கு வெளியே கார் பார்க்கிங்தான் இருந்தது. இருந்தாலும் அதன்பிறகு அந்த அறையில் எது விழுந்தாலும் உடனே குனிந்து எடுக்க எனக்குக் கொஞ்சம் தயக்கமாக இருந்தது.

அந்த மூன்று முறை விஷயத்தையும் அவர்தான் சொன்னார். நானாகக் கேட்கவில்லை, பானை வடிக்கும் நேரம் பார்த்து யாராவது வந்து நிற்பார்கள் என்ற பேச்சில் வந்தது. வந்தவர் வாசலில் நின்று, உள்ளே இருப்பவர்களைக் கடவுள் ஆசீர்வதிக்கட்டும் என்பார். வாங்க, உட்காருங்க என்றால், இல்லை, இப்பத்தான் சாப்பிட்டு எழுந்தேன் என்பார். அவர் வீட்டில் அடுப்பே பற்றவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். "முதல் தடவை கேக்கறது மரியாதைக்கு, முதல் தடவை வேண்டாங்கறதும் மரியாதைக்கு. ரெண்டாவது வேண்டாம், வீட்டுக்காரிக்காக. பானையிலே ஒண்ணுமில்லேன்னா அவ அதோட நிறுத்திக்கலாம் இல்லையா, யாருக்கும் தலைகுனிவு இல்லாம? மூணாவது தடவை கேட்டாதான் நிஜம். அப்ப சொல்ற பதில்தான் பதில்." எங்கள் அம்மா கண்ணை மூடித் திறந்ததற்கு இத்தனை காரணம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. நாங்கள் அதை வெறும் கௌரவம் என்று நினைத்தோம்.

அப்புறம், ஒரு வருஷம் அவர் அம்மா இரண்டோடு நிறுத்தியதைச் சொன்னார். பழைய கிழங்கு தீர்ந்து, புதுக் கிழங்கு இன்னும் தோண்டாத மாதம். கூடையில் பிள்ளைகளுக்கே எண்ணினாற்போல் கிடந்தது. பக்கத்து நிலத்துக்காரர், நெட்டையான மனிதர், வாசலில் வந்து நின்றார். அம்மா ஒரு தடவை கேட்டார், இரண்டாம் தடவை கேட்டார். பிறகு குனிந்து நெருப்பைக் கிளற ஆரம்பித்துவிட்டார். அந்த மனிதர் தொப்பியைப் போட்டுக்கொண்டு, நல்ல வெயில் இல்லையா இன்னிக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. அதன்பிறகும் வெகுகாலம் இருந்தார், அண்ணன் கல்யாணத்தில் ஆடினார். "ஆனா அம்மா அன்னிக்கு சாப்பிடல. அப்புறம் அந்த மனுஷன் முகத்தை நேரா பார்த்துப் பேசினதே இல்ல" என்றார் ஆன்ட்டி. தன் பங்குக் கிழங்கை அன்றைக்குத் தின்றுவிட்டதாகவும், அது தொண்டையில் நின்றதாகவும் சொன்னார். எண்பது வருஷத்துக்கு முந்திய கிழங்கு.

அன்று சாயங்காலம்தான் அட்டையில் அந்த வரியை எழுதினேன். ஒரு வாரம் நன்றாக நடந்தது. உதவியாளர்கள் சிரித்துக்கொண்டே மூன்று முறை கேட்டார்கள். ஆன்ட்டியும் விளையாட்டுப்போல இரண்டு முறை மறுத்துவிட்டுச் சாப்பிட்டார். தாளில் ஆர் மறைந்தது, எடை கொஞ்சம் ஏறியது, மோதிரத்திலிருந்து நூல் போனது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எட்டாம் நாள் என் மேலதிகாரி அறைக்குக் கூப்பிட்டார். அட்டையை மேசைமேல் வைத்து, இது என்ன என்று கேட்டார். விளக்கினேன். பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு, ஒருவர் வேண்டாம் என்று சொன்னபின் திரும்பத் திரும்பக் கேட்பது கட்டாயப்படுத்துவதாகும், இங்கே வாழ்பவர்களுக்கு மறுக்கும் உரிமை உண்டு, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர்கள் இதைப் பார்த்தால் நாம் பதில் சொல்ல முடியாது என்றார். அவர் சொன்னது தப்பு என்று நான் இன்றும் சொல்ல மாட்டேன். அந்தக் கட்டடத்தில், வேண்டாம் என்று கத்தியும் கேட்கப்படாத வாழ்க்கை வாழ்ந்துவிட்டு வந்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு அந்தச் சட்டம் வேலி. ஆன்ட்டிக்கு மட்டும் அது பூட்டு. பழைய அட்டை பன்னிரண்டாம் அறையின் ஃபைலுக்குள் போனது, புது அட்டை அச்சானது: ஊக்கப்படுத்தவும். அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் தெரியவில்லை. மதிய வேளையில் மட்டும் நானே போய்க் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் கடைசியில் இலையெல்லாம் பழுத்து உதிரும் சமயம், ஆன்ட்டி ஹாலோவீன் பற்றிச் சொன்னார். இங்கே பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு மிட்டாய் கேட்டு வருவதெல்லாம் பிற்பாடு வந்ததாம். அவர்கள் வீட்டில் அன்று, கீரையும் வெங்காயத் தாளும் போட்டு மசித்த உருளைக்கிழங்கு, நடுவில் குழி பறித்து வெண்ணெய். எல்லோரும் சாப்பிட்டபின் ஒரு தட்டு நிறைய எடுத்து மேசைமேல் வைத்து, ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, கதவைத் தாழிடாமல் விட்டுவிடுவார்கள். இறந்துபோனவர்கள் வந்து சாப்பிடுவார்களாம். எங்களுக்கும் படையல் உண்டு, அப்பா திதிக்கு வடையோடு இலை போடுவோம் என்றேன். "அவங்களையும் மூணு தடவை கூப்பிடணுமா ஆன்ட்டி?" என்று விளையாட்டாகத்தான் கேட்டேன். "சேச்சே. செத்தவங்களுக்கு என்ன கூச்சம்? ஒரு தடவை கூப்பிட்டா போதும், வந்துடுவாங்க" என்றார். சொல்லும்போதே இருமல் வந்தது. நெஞ்சின் அடியிலிருந்து வரும் இருமல்.

இரண்டு நாளில் அது காய்ச்சலானது. மூன்றாம் நாள் மதியம் டாக்டர் வந்தார். வாராவாரம் வருகிறவர்தான், நல்லவர், அவசரக்காரர். எடைத் தாளோடு நான் கதவருகே நின்றிருந்தேன். நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, இது நிமோனியா என்று தோன்றுகிறது, ஆஸ்பத்திரிக்கு அனுப்பட்டுமா என்று ஆன்ட்டியிடமே கேட்டார். ஆன்ட்டிக்கு அறிவு தெளிவாக இருந்தது. அவரிடம் கேட்பதுதான் முறை. ஆன்ட்டி மூச்சு வாங்கிக்கொண்டே புன்னகைத்து, "ஐயோ வேண்டாம் டாக்டர், ஐயாம் கிராண்ட்" என்றார். டாக்டர் அவர் கையைத் தட்டிக் கொடுத்து, நீங்கள் எப்படி விரும்புகிறீர்களோ அப்படியே என்றார். இங்கேயே முடிந்த மருந்தைக் கொடுக்கச் சொல்லிவிட்டு, வெளியே வந்து எழுதினார்: ஆஸ்பத்திரியை மறுத்துவிட்டார். ஆன்ட்டியின் கண்கள் டாக்டரோடு கதவு வரைக்கும் வந்தன. அங்கே நான் நின்றிருந்தேன்.

உள்ளே போனேன். படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தேன். சுட்டது. "ஆஸ்பத்திரிக்குப் போகலாமா ஆன்ட்டி?" என்றேன். "வேண்டாம் கண்ணு. எதுக்கு எல்லாருக்கும் சிரமம்?" என்றார். அதே வார்த்தை. முதல் நாள் கோழிக் குழம்பு ட்ரேயின் முன்னால் சொன்ன அதே இரண்டாவது வேண்டாம். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். காத்திருந்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மூச்சுக்காக நிறுத்தினாரோ என்னவோ.

நான் வாயைத் திறந்தேன். கேட்கவில்லை. அந்தச் சமயம் மகளை ஸ்கூலிலிருந்து பிக்கப் பண்ண வேண்டும் என்று போனில் அலாரம் அடித்தது. அது உண்மை, ஆனால் முழு உண்மை இல்லை. போன் அடிக்காவிட்டாலும் நான் கேட்டிருப்பேனா தெரியாது. அவர் சரி என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் உள்ளே இருந்தது. டாக்டர் எழுதியதை மாற்றச் சொல்ல வேண்டும். சாப்பாட்டு அட்டை எழுதுகிறவள் இதில் ஏன் தலையிட்டாய் என்று கேட்பார்கள். மேலதிகாரி அந்த ஆரஞ்சு அட்டையை மறுபடி மேசைமேல் வைப்பார். நான் குனிந்து கைப்பையில் கார்ச் சாவியைத் தேடினேன். கையிலேயே இருந்த சாவியை. "நாளைக்குக் காலைல சீக்கிரமா வரேன் ஆன்ட்டி" என்றேன். அவர் தலையசைத்தார். "வெளியே நல்ல வெயில் இல்ல?" என்றார். வெயில் இருந்தது. நான் ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

காரில் ரூட் ஒன் சிக்னலில் நிற்கும்போதுதான் அந்த வார்த்தை எனக்குள் இறங்கியது. நெட்டை மனிதர் தொப்பியைப் போட்டுக்கொண்டு சொன்ன வார்த்தை. பின்னால் இருந்தவர் ஹாரன் அடிக்கும்வரை விளக்கு பச்சையானதை நான் கவனிக்கவில்லை. திரும்பிப் போயிருக்கலாம். ஒரு யூ டர்ன்தான். மகள் பத்து நிமிடம் காத்திருந்தால் ஒன்றும் குறைந்துபோயிருக்காது. நான் நேராகப் போய் அவளை அழைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து, ரசம் வைத்தேன். மறுநாள் காலை சீக்கிரமே போனேன், சொன்னபடி. பன்னிரண்டாம் அறையில் கட்டில் விரிப்பைக் கழற்றியிருந்தார்கள். விடியும் நேரத்தில் தூக்கத்திலேயே போய்விட்டாராம். ட்ரே வண்டியில் அவருடைய காலைச் சாப்பாடு, விஷயம் தெரியாமல் அடுக்கியது, அட்டையோடு நின்றுகொண்டிருந்தது. அதன் மூடியைத் திறந்து பார்த்தேன். ஏன் திறந்தேன் என்று தெரியாது.

எல்லோரும் சமாதானம் சொன்னார்கள். அந்த வயதில், அந்த நெஞ்சோடு, ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் அதேதான் என்றார் நர்ஸ். அவர் விருப்பப்படி அமைதியாகப் போனார், எத்தனை பேருக்கு அது கிடைக்கிறது என்றார் மேலதிகாரி, கண் கலங்கித்தான் சொன்னார். "நீ என்ன டாக்டரா? ஏன் இதைப் போட்டு மண்டையை ஒடச்சிக்கறே, லீவ் இட்" என்றார் என் கணவர். எல்லாம் சரியாகவே இருக்கலாம். அது நிஜமான வேண்டாமாகவே இருந்திருக்கலாம். இத்தனை வருஷம் ஒண்டியாக இருந்து அலுத்தவர், போதும் என்று முடிவு செய்திருக்கலாம். அப்படியென்றால் மூன்றாவது முறையும் வேண்டாம் என்றே சொல்லியிருப்பார். அதைக் கேட்டுவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். என்னைத் தின்பது அவர் இறந்தது அல்ல. இரண்டோடு நான் நிறுத்திக்கொண்டதை அவர் என்னவென்று எடுத்துக்கொண்டிருப்பார் என்பதுதான். அவர் ஊர் வழக்கப்படி அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. பானை காலி, உனக்கு இங்கே ஒன்றுமில்லை. நான் சாவியைத் தேடிக் குனிந்ததை அவர் பார்த்தார். அவர் அம்மா நெருப்பைக் கிளறியதையும் பார்த்தவர் அவர்.

அதிலிருந்து ஒரு வேண்டாமும் என் காதில் முழுசாக விழுவதில்லை. வீட்டுக்கு வந்த பிளம்பர் காபி வேண்டாம் என்றால் மூன்று முறை கேட்டு அவரை மிரள வைக்கிறேன். மகளுக்குப் பதின்மூன்று வயது. "அம்மா, ஐ செட் நோ. நோ மீன்ஸ் நோ" என்கிறாள். ஸ்கூலில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். இருந்தாலும் இன்னொரு தோசை என்று கரண்டியோடு நிற்கும்போது வாய் தானாக மூன்றாவது முறைக்குப் போய்விடுகிறது. வேலையில் யாரையும் நான் மூன்று முறை கேட்பதில்லை. தாள்களில் ஆர் என்ற எழுத்தைப் பார்க்கும்போது மட்டும், எழுந்து போய் அந்த அறைக் கதவருகே கொஞ்ச நேரம் நிற்கிறேன். ட்ரே போகும்போது கண் எங்கே போகிறது என்று பார்ப்பேன்.

இந்த வருஷம் ஹாலோவீன் அன்று நான்கு மணிக்கே கடைக்குப் போய் நல்ல மாவுக் கிழங்காகப் பார்த்து வாங்கி வந்தேன். குக்கரில் வைக்கவில்லை. திறந்த பாத்திரத்தில் தோலோடு அவித்தேன். இரண்டு கிழங்கு வெடித்துச் சிரித்தன. கட்டைவிரல் நகத்தால் உரிக்கப் பார்த்து விரலைச் சுட்டுக்கொண்டேன். கீரை, வெங்காயத் தாள், நடுவில் குழி, வெண்ணெய். மகள் மந்திரவாதி வேஷத்தில் ஃப்ரெண்ட்ஸோடு தெருவுக்குக் கிளம்பும்போது மேசையைப் பார்த்தாள். "ஹூ இஸ் தட் ஃபார்?" என்றாள். "எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆன்ட்டிக்கு" என்றேன். அவங்க எப்ப வருவாங்க என்று கேட்காமல் போய்விட்டாள். கணவர் வாசலில் மிட்டாய்க் கூடையோடு உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் இன்னும் இருந்தது. தெருவெல்லாம் பிள்ளைகள் சத்தம்.

கடைசி இழுப்பறையைத் திறந்து அட்டையை எடுத்தேன். இந்தத் தடவை கையை இழுத்துக்கொள்ளவில்லை. தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, பின்பக்கக் கதவின் தாழ்ப்பாளை எடுத்துவிட்டேன். சாப்பிட வாங்க ஆன்ட்டி என்றேன். ஒரு முறை போதும் என்று அவரே சொல்லியிருக்கிறார். சாப்பிட வாங்க ஆன்ட்டி என்று மறுபடி சொன்னேன். வெண்ணெய் உருகிக் குழியின் விளிம்பைத் தாண்டி வழிந்தது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். பிறகு மூன்றாவது முறையும் கேட்டேன், சத்தமாக. கேட்டுவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.